தோற்றவரைத் திரும்ப அழைக்கும் உலகம்

ஒன்பதாம் வகுப்பில் என் கணக்குப் பாடவேளையில் ஒரு மாணவன் அடிக்கடி தூங்கிவிழுவான். இரவு ஒரு மணி வரை கைப்பேசியில் விளையாடுகிறான் என்று உடன் படிப்பவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். மதிய உணவு இடைவேளையில் மனம் கேட்காமல் தனியே அழைத்து, “அப்படி என்னடா இருக்கு அந்த விளையாட்டுல?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், “அங்க தோத்தா யாரும் திட்ட மாட்டாங்க டீச்சர். மறுபடியும் ஆடலாம்” என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பொறியியல் படிக்கும் அக்கா மகன் கணினியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு வாரம் அவனிடம் மாணவியாக இருந்தேன். அப்போது கற்றதையும் பிறகு படித்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எழுத்தில் பிறந்த உலகம்

பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக வாழும் விளையாட்டு வகை இது. இதன் வேர் 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த ‘மட்’ என்ற அந்த விளையாட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. திரையில் வெறும் எழுத்துகள்தாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று வாக்கியங்கள் சொல்லும். வடக்கே போ, கதவைத் திற என்று நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். அதிலேயே பலர் இரவு முழுவதும் மூழ்கிக் கிடந்தார்கள்.

வண்ணப்படமும் ஒலியும்தான் பிள்ளைகளை இழுக்கின்றன என்று நினைத்திருந்த எனக்கு இது முதல் பாடம். நான் செய்வதற்கு எதிரே ஏதோ ஒன்று மாறுகிறது என்ற உணர்வுதான் மூழ்கவைக்கிறது. படம் அதற்குத் துணை மட்டுமே.

2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2010இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களை எட்டியது. அதன் அசெராத் என்ற உலகில் ஒரு கண்டத்துக்குள் எங்கும் திரை நின்று காத்திருக்காமல் நடந்தே போகலாம். நாம் பாதி வழியில் பார்த்த மலையைத்தான் பிறகு பறவைமேல் ஏறிப் பறக்கும்போது கீழே காண்கிறோம். பொழுது விடிவதும் இருட்டுவதும் நிஜக் கடிகாரத்தை ஒட்டியே நடக்கும். நாம் விலகிவந்த பின்னும் அங்கே மற்றவர்களின் வாழ்க்கை தொடரும். ‘நான் இல்லாதபோதும் இருக்கிற இடம்’ என்ற எண்ணமே அதை உலகமாக்குகிறது.

எட்டிப்பிடிக்கும் உயரத்தில் அடுத்த படி

புதிதாக வருபவர் 1ஆம் நிலையில் தொடங்குவார். தலைக்கு மேல் மஞ்சள் நிற வியப்புக்குறியோடு ஒருவர் நின்றால் அவரிடம் ஒரு பணி இருக்கிறது என்று பொருள். முதல் பணி மிக எளியது. சில நிமிடங்களில் முடியும், உடனே பலன் கிடைக்கும். 2004இல் உச்சம் 60ஆம் நிலை. ஆனால் யாரும் 60ஐப் பார்த்து மலைப்பதில்லை. 7இல் நிற்பவருக்கு 8 தெரிகிறது. அதற்கு எவ்வளவு குறைகிறது என்பதைத் திரையின் அடியில் ஒரு பட்டை காட்டிக்கொண்டே இருக்கும்.

பி.எட். வகுப்பில் வைகாட்ஸ்கியின் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ படித்தோம் அல்லவா? சற்று உதவியிருந்தால் எட்டக்கூடிய அந்த இடத்தில்தான் கற்றல் நிகழ்கிறது என்றார் அவர். சவால் திறமையைவிட மிக அதிகமானால் பதற்றம், மிகக் குறைந்தால் சலிப்பு, இரண்டும் பொருந்தினால் நேரம் போவதே தெரியாத ஈடுபாடு என்றார் உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயி. இந்த இரண்டையும் விளையாட்டு நிமிடத்துக்கு நிமிடம் செயல்படுத்துகிறது.

தோல்வியின் விலை

இந்த விளையாட்டுக்கு முன் 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’டில் கதாபாத்திரம் இறந்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். உடைமைகளும் உடல் கிடக்கும் இடத்திலேயே தங்கிவிடும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இறந்தவர் ஆவியாகி அருகிலுள்ள கல்லறையில் எழுவார், உடல் விழுந்த இடத்துக்கு ஓடினால் மீண்டும் உயிர் பெறுவார். ஆயுதம், கவசத்தைச் செப்பனிடக் கொஞ்சம் காசு செலவாகும். தோல்வி உறைக்கிறது, ஆனால் முடக்குவதில்லை. என் மாணவன் சொன்னதன் பொருள் இங்கேதான் எனக்குப் புரிந்தது. என் வகுப்பில் ஒரு தவறான விடையின் விலை என்ன என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு செய்தி. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், நெடுநேரம் விளையாடுவோருக்குப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி விதி செய்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அதை வெறுத்தார்கள். வடிவமைப்பாளர்கள் அந்த விதியைத் திருப்பிப்போட்டார்கள்: ஓய்வெடுத்துத் திரும்பி வருபவருக்கு இருமடங்கு புள்ளி, அது தீர்ந்ததும் வழக்கமான புள்ளி. கணக்கு ஏறக்குறைய அதேதான். தண்டனையாகத் தோன்றியது பரிசாக மாறியதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

‘நீ இல்லாமல் முடியாது’

ஐந்து பேர் குழுவாக ஒரு குகைக்குள் போனால் ஒருவர் அடிதாங்குவார், ஒருவர் மற்றவர்களின் காயம் ஆற்றுவார், மூவர் தாக்குவார்கள். காயம் ஆற்றுபவர் ஒரு நொடி அசந்தாலும் ஐவரும் விழுவார்கள். ஆரம்பகாலத்தில் பெரிய எதிரிகளை வீழ்த்த 40 பேர் கூட வேண்டியிருந்தது. அப்படி ஒரு சண்டையின் நடுவில் நான் ஏதோ கேட்டபோது, “சித்தி, இப்ப பேசாதீங்க, எல்லாரும் என்னை நம்பி இருக்காங்க” என்றான் அக்கா மகன். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னால் நகராதவன் அவன்!

டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்கிறார்கள்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, ‘என்னால் முடிகிறது’ என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. இவை நிறைவேறும் அளவுக்கே விளையாட்டில் இன்பம் கிடைக்கிறது என்று 2006இல் ரயனும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

பார்ட்டில் 1996இல் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப்பார்த்து அறிய வருபவர், பழக வருபவர், பிறரை வெல்ல வருபவர். ஒரே உலகம் நால்வருக்கும் இடம் தருகிறது. நம் வகுப்பறையும் நால்வரால் ஆனதுதான். நாம் பெரும்பாலும் முதல் வகையினருக்கு மட்டுமே கைதட்டுகிறோம்.

நார்வே நாட்டில் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த இளைஞர் ஒருவர் 2014இல் 25 வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவருடைய இணையப் பக்கத்தில் இறப்புச் செய்தியை வெளியிட்டதும் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. இபெலின் என்ற பெயரில் அவர் இந்த விளையாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024இல் இது ஆவணப்படமாக வெளிவந்தது. நம் பள்ளியில் ஓடியாட முடியாத பிள்ளைக்கு ‘நீ இல்லாமல் முடியாது’ என்று சொல்லும் வேலை ஏதாவது கொடுத்திருக்கிறோமா?

மறுபக்கம்

இவ்வளவும் சொல்வதால் விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். இந்த உலகங்களுக்கு முடிவு கிடையாது. அரிய பொருள் எப்போது கிடைக்கும் என்று தெரியாமையே ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று இழுக்கும். குழு காத்திருக்கிறது என்ற கடமையுணர்வு தூக்கத்தைத் தின்னும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால் அது நோய். அத்தகைய பிள்ளைக்குத் தேவை மருத்துவ உதவி. நம் திட்டு அங்கே பயன்படாது. தூக்கம், உணவு, வருகை மூன்றிலும் மாற்றம் தெரிந்தால் பெற்றோரிடம் பேசுவது நம் வேலை.

வகுப்பில் செய்து பார்த்தவை

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லீ ஷெல்டன் என்ற ஆசிரியர், மாணவர் அனைவரும் பூஜ்யத்தில் தொடங்கிப் புள்ளி சேர்த்து ஏறும்படி தம் வகுப்பை மாற்றினார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. துறையின் மதிப்பீட்டு முறை அப்படியே இருக்க, அன்றாடப் பயிற்சியில் மட்டும் மூன்று மாற்றங்கள் செய்தேன்.

ஒன்று, இயற்கணிதப் பாடத்தை 8 படிகளாகப் பிரித்தேன். படிக்கு 5 கணக்குகள். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திச் செய்யலாம். சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதை விட்டுவிட்டேன்.

இரண்டு, நால்வர் குழு. ஒருவர் கணக்கை வாசித்துச் சொல்வார், ஒருவர் சமன்பாடாக எழுதுவார், ஒருவர் தீர்ப்பார், ஒருவர் சரிபார்ப்பார். வாரந்தோறும் வேலை மாறும்.

மூன்று, விடுப்பு முடிந்து வருபவருக்கு முதல் இரண்டு நாள் இருமடங்கு புள்ளி. பெற்றோரோடு வேலைக்குப் போய்விட்டுத் தயங்கித் தயங்கி வாசலில் நிற்கும் பிள்ளைகளை நான் முன்பு கேள்வி கேட்டே உள்ளே விடுவேன். இப்போது அவர்கள் குழுவினரே கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள்.

ஒரு தவறும் செய்தேன். புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் கடைசியில் இருந்தவர்கள் அந்தச் சுவர்ப் பக்கமே வரவில்லை. கிழித்துவிட்டு, அவரவர் ஏட்டிலேயே பட்டை வரைந்து நிறம் தீட்டச் சொன்னேன். யாரும் பிறரோடு ஒப்பிட வேண்டியதில்லை, நேற்றைய தன்னோடு ஒப்பிட்டால் போதும்.

அந்த மாணவன் இன்னமும் விளையாடுகிறான். அவன் அம்மாவோடு பேசி, இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி அவர் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை. முன்பெல்லாம் கணக்குத் தேர்வில் வெறும் தாளை மடித்துக் கொடுப்பான். சென்ற தேர்வில் ஒரே கணக்கை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தான். மூன்றாவதும் தவறுதான். முதல் இரண்டு வரி சரியாக இருந்தது. அதற்குரிய மதிப்பெண் போட்டுவிட்டு, பக்கத்தில் ‘மறுபடியும் செய்’ என்று எழுதினேன்.