மேலே ஏலம், கீழே பாறை

1924 வரை மூணாறுத் தேயிலை போடிக்கு வந்த வழியே வேறு. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன், அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிப் பக்கம் இறக்கம், பிறகு போடி. அந்த ஆண்டு ஜூலை வெள்ளம் தண்டவாளத்தை வாரிக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. இன்று போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் தேசிய நெடுஞ்சாலை ஏறுகிறது. ஐப்பசி அடைமழையில் பாறை உருண்டால் போக்குவரத்து நிற்கும், ஜேசிபி வந்து மண்ணை அள்ளும், வழி திறக்கும். ஏன் உருண்டது என்பது மட்டும் பேச்சில் வராது.

அது ஒன்றும் புரியாத வித்தையல்ல. இந்த மலை சார்னகைட் பாறை. சென்னைப் பரங்கிமலையும் இதே இனம்தான். உள்ளே இரும்பு போன்ற கெட்டி. மேலே, வெயிலும் மழையும் யுகக்கணக்கில் அரித்துச் செம்மண்ணாக்கிய போர்வை, அதற்குள் உருண்டைப் பாறைகள். ரோட்டுக்காகச் சரிவை வெட்டிய இடத்தில் பெருமழைக்கு மறுநாள் நின்று பாருங்கள்: மண்ணும் பாறையும் சேரும் கோட்டில் நீர் கசியும். பாறைக்குள் எளிதில் இறங்க முடியாத நீர் அங்கே தேங்கி, மேல்மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. கசிவு திடீரெனக் கலங்கலானால் அங்கே நிற்கக் கூடாது.

போடிமெட்டுக்கு அப்பால் ஏலம் அன்று காட்டுமர நிழலில் வளர்ந்தது. மகசூல் அதிகம் தரும் ஞள்ளாணி ரகத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நிழல்மரங்களுக்குக் கவாத்தும் கூடியது. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரிவில் மரவேர்தான் மண்ணுக்குப் பிடி.

போடியில் பாறை ஊர்ப்பேச்சானது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான். பொட்டிப்புரம் மலைக்குள் சுரங்கம் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. வெடி வைத்தால் கிணறு வற்றுமா, அணைக்கு ஆபத்தா என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விகள், முடிவெடுக்கும் முன்பே ஊரில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவை. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

அந்த வாதத்தில் நூறில் ஒரு பங்குகூட மண்சரிவுக்குக் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 உயிர்கள், பெரும்பாலும் தமிழர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வயது 170ஐத் தாண்டிவிட்டது. அதன் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் 2024 ஜூலையில்தான் கொல்கத்தாவில் தொடங்கியது. முதலில் அறிக்கை பெற்றவை டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்கள்.

தேனி மாவட்டத்துக்கும் அந்த முன்னறிவிப்பு வரட்டும், ஆனால் கைபேசிச் செயலிக்குள் மட்டும் இருந்தால் போதாது. விடிகாலையில் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்கள் முந்தல் செக்போஸ்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அங்கே தமிழில் ஒரு கரும்பலகை: நேற்று போடிமெட்டில் பெய்த மழை இத்தனை மி.மீ., இத்தனையைத் தாண்டினால் வண்டி ஏறாது, அன்றைய கூலி யார் தருவது. மூன்றாவது வரியை எழுதாவிட்டால் முதல் இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள்.