முன் சக்கரம் ஏன் ஆடுகிறது?

நம் டெல்டா பகுதியில் ஜீப்பைத் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் ஜீப் சத்தம் கேட்டாலே "பி.டபிள்யூ.டி. வண்டி வருது, மதகு பாக்க வர்றாங்க" என்பார்கள். 1947-இல் மஹிந்திரா கம்பெனி அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பழைய ஜீப்புகள் இன்றும் நம் பக்கத்துப் பட்டறைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வண்டிக்காரர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நாப்பதுல போனா ஸ்டியரிங் கையைப் பிடுங்குது தம்பி."

இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. கரை ரோட்டில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். அங்கே சக்கரம் ஆடினால் ஒதுங்க இடமில்லை.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பழைய ஜீப்பின் முன் இரு சக்கரங்களும் ஒரே கட்டை ஆக்சிலில் இருக்கின்றன. ஆக்சில் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்கிறது. இரண்டையும் டை ராடு இணைப்பதால் ஒன்றின் ஆட்டம் மற்றதற்கும் போகிறது. இன்றைய தார் வண்டியில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். ஆகவே இந்தத் தொல்லை பழைய வண்டிக்கே அதிகம்.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே போதும், வீச்சு ஏறிக்கொண்டே போகும். சக்கரமும் அப்படித்தான். 6.00-16 டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.23 மீட்டர் போகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏழரைச் சுற்று. ரிம்மின் உள்பக்கம் ஓரிடத்தில் 100 கிராம் களிமண் காய்ந்து ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 20 செ.மீ. தூரம். நாம் படித்த மையவிலக்கு விசைச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 44 நியூட்டன் வரும். அதாவது நாலரைக் கிலோ எடை. நொடிக்கு ஏழரை முறை அது சக்கரத்தை இழுக்கிறது! 30 கி.மீ. வேகத்தில் அதே மண்ணின் இழுப்பு நாலில் ஒரு பங்குதான். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் வருவதன் காரணம் இதுதான். அந்தத் தள்ளலின் வேகமும் சக்கரம், ஸ்டியரிங் அமைப்பின் இயற்கை அதிர்வும் ஒத்துப்போகும் இடத்தில் ஆட்டம் பெரிதாகிறது.

இனி கண்டுபிடிக்கும் முறை. ஸ்பானரை எடுக்கும் முன்பு வாயைத் திறந்து கேட்க வேண்டும். "எந்த வேகத்துல ஆடுது? பள்ளத்துல விழுந்த பிறகா, சும்மா போறப்பவா? பிரேக் போட்டா கூடுதா?" ஒரே வேகத்தில் வந்து, தாண்டினால் குறைந்தால் சக்கரத்தில் எடைக் கோளாறு என்று சந்தேகிக்கலாம். பள்ளத்தில் தட்டியதும் தொடங்கி, வேகம் குறைத்த பிறகே நின்றால், எங்கோ ஓரிடத்தில் தேய்மானமோ தளர்ச்சியோ இருக்கிறது.

அடுத்து செலவில்லாத சோதனைகள். ரிம்மின் உள்பக்கத்து மண்ணைச் சுரண்டிக் கழுவுங்கள். நடவு, அறுவடை சமயத்தில் பாதிக் குறை இதிலேயே தீரும். முன் டயர் இரண்டிலும் காற்று சமமா, வீல் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் போய், சீட்டில் அதிர்வு வந்தால் குறை சக்கரத்தோடுதான் போயிருக்கிறது. ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸை ரிம்மின் ஓரம் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது.

பிறகு பேரிங்கும் கிங்பின்னும். தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங். பிரேக் மிதித்தால் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்கிறது; ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடுகின்றன. மிச்சமிருக்கும் ஆட்டம் நக்கிளுக்கு அந்தப் பக்கம்தான் இருக்க முடியும். எவ்வளவு எளிய தர்க்கம் பாருங்கள்!

அடுத்தது இணைப்புகள். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் திருப்ப, இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டி, டிராக் லிங்க், பெல் கிராங்க், டை ராடு எண்ட் என்று வரிசையாகக் கண்ணை ஓட்டுங்கள். அசைவு எந்த இடத்தில் அடுத்ததற்குப் போகாமல் தங்குகிறதோ அங்கே தேய்மானம். ஸ்டியரிங் பெட்டியின் போல்ட்டுகள், பட்டைகளின் யூ போல்ட்டு, ஷேக்கிள் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள்.

இவையெல்லாம் சரியான பிறகே அலைன்மெண்ட். தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு டோ-இன் பார்ப்பது, ஆடுகிற மேசையில் கோடு போடுவது போல. பழைய சி.ஜே. வண்டிகளுக்கு காஸ்டர் 3 டிகிரி, கேம்பர் ஒன்றரை டிகிரி. பட்டை மாற்றி முன்பக்கத்தை உயர்த்தினால் காஸ்டர் மாறும். அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

விடுமுறையில் நான் வேலை பழகும் பட்டறைக்கு ஒரு பழைய ஜீப் வந்தது. அதற்கு முன்பே வேறோர் இடத்தில் நாலு டயரும் புதிதாகப் போட்டு, ஸ்டியரிங் டேம்பரும் வைத்திருந்தார்கள். ஒரு போகத்து வருமானத்தை அந்த விவசாயி அதில் கொட்டியிருந்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. மேஸ்திரி பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை ஆட்டினார். "கிங்பின்" என்றார், அவ்வளவுதான். கழற்றினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் சேறும். பேரிங்கை மாற்றி, ஷிம் சரிசெய்ததும் வண்டி நேராகப் போனது. டேம்பர் குறையை மறைக்கும், தீர்க்காது.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். சரி செய்யாமல் மறுபடி வேகமாக ஓட்ட வேண்டாம்.

மேஸ்திரி பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனால் அவர் கைக்குக் குறை தெரிகிறது. காரணத்தைக் கணக்கில் காட்ட நமக்குத் தெரிகிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு விவசாயி நாலு டயர் வீணாக வாங்க மாட்டார். நண்பர்களே, கேள், பார், ஆட்டு, அள. அதற்குப் பிறகுதான் உதிரிப்பாகக் கடை!