பகலில் உலவும் வான்கோ பல்லி

டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பல்லி இரவுப் பிராணி. வான்கோ பல்லியோ பகலில் நடமாடுவது. வெயில் ஏறாத காலையிலும், வெயில் தாழ்ந்த மாலையிலும்தான் இது பாறை மேல் சுறுசுறுப்பாக உலவும். மஞ்சள் தலை, மஞ்சள் தோள், முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். இந்த நிறமெல்லாம் ஆணுக்குத்தான். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்தால் 34 மில்லிமீட்டர். நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை.

விருதுநகர், தேனி மாவட்டப் பக்கம் விரிந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் 2022-ல் அக்ஷய் காண்டேகர், இஷான் அகர்வால், தேஜஸ் தாக்கரே ஆகியோரின் குழு ஆய்வு நடத்தியது. அங்கே கிடைத்த இரண்டு இனங்களை 2024-ல் 'ஜூகீஸ்' ஆய்விதழில் உலகுக்கு அறிவித்தார்கள். ஒன்று 'நிமாஸ்பிஸ் சதுரகிரியென்சிஸ்'. சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்தர்கள் ஏறும் அதே சதுரகிரியின் பெயர்தான். இன்னொன்று மேலே சொன்ன வண்ணப் பல்லி, 'நிமாஸ்பிஸ் வான்கோகி'. நீலமும் மஞ்சளும் சுழலும் வானத்தை 1889-ல் தீட்டிய டச்சு ஓவியர் வான்கோவின் நினைவாக வைத்த பெயர். அந்த முதுகைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது.

சரி, இது புது இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். உடலின் செதில்களை வரிசை வரிசையாக எண்ணுவார்கள். ஆணின் தொடையில் மெழுகு போன்ற பொருள் கசியும் நுண்துளைகள் உண்டு. அவை எத்தனை, எங்கே அமைந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். பிறகு டிஎன்ஏவை அக்கம்பக்கத்து மலைகளில் வாழும் உறவினங்களோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒரே முடிவைச் சொன்னால்தான் புதுப் பெயர்.

நிமாஸ்பிஸ் பேரினத்தை அடையாளம் காண இன்னும் எளிய வழி கண். வீட்டுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கோடாகச் சுருங்கும்; இவற்றுக்கோ வட்டமான கண்மணி. விரல்களும் வேறு. கண்ணாடியில்கூட ஒட்டிக்கொள்ளும் அகன்ற பட்டைகள் இவற்றின் விரலடியில் இல்லை. மெலிந்து வளைந்த விரலும் நகமும்தான், சொரசொரப்பான பாறைக்கு அதுவே போதும்.

பாறையோடு இத்தனை ஒட்டி வாழ்வதால் இவை தொலைதூரம் பரவுவதில்லை. நிழலும் ஈரமும் உள்ள பாறைகளைத் தாண்டினால் நடுவில் காய்ந்த வெட்டவெளி. ஆகவே மலைக்கு மலை தனித்தனி இனமாகப் பிரிந்துவிடுகின்றன. ராஜபாளையம் பக்கத்து மலையிலிருந்து 2023-ல் 'நிமாஸ்பிஸ் ரஷிதி' என்ற மற்றோர் இனமும் அறிவிக்கப்பட்டது. உயர்ந்த சிகரங்களில் இப்படித் தனித்த இனங்கள் இருப்பதை எதிர்பார்க்கலாம். வான்கோகி வாழ்வதோ கடல் மட்டத்திலிருந்து வெறும் 250 முதல் 400 மீட்டர் உயரத்தில், இலையுதிர் காட்டில். ஊருக்கு இவ்வளவு பக்கத்தில்! பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது தமிழருக்குச் சங்க காலம் தொட்டே உண்டு. காட்டுப் பல்லிகள் மீது கவனம் திரும்ப இத்தனை காலம் ஆனது வருத்தம்தான்.

புது இனத்தின் அறிவிப்பு வந்த பிறகு ஓர் ஆபத்தும் வரலாம். வியட்நாமின் ஹோன் கோவாய் தீவில் இதே நிமாஸ்பிஸ் பெயரில் 2010-ல் ஒரு பல்லி விவரிக்கப்பட்டது. ஊதாவும் ஆரஞ்சும் கலந்த உடல். சில ஆண்டுகளுக்குள் அது வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோனது. 2016-ல் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் இந்தப் பல்லியைக் கண்டால் தள்ளி நின்று படம் எடுக்கலாம். கையில் பிடித்தால் வாலை அறுத்துவிட்டு ஓடும், அதைத் தவிர்க்கலாம். படத்தை இணையத்தில் போடும்போது எந்தப் பாறை, எந்த ஓடை என்ற விவரத்தை மட்டும் எழுத வேண்டாம். அதை வனத்துறையிடமோ ஆய்வாளரிடமோ சொன்னால் போதும்.