நகரின் வடிகாலும் நம் ஏரியும்

சென்னை மாநகரில் மழைநீருக்கு வடிகாலும் கழிவுநீருக்குத் தனிக் குழாயும் அமைந்துள்ளன. இரண்டும் கலவாதிருத்தலே முறை. வடிகாலில் கழிவுநீர் புகுமாயின், அது சுத்திகரிக்கப்படாமலே கூவத்தையும் அடையாற்றையும் அடைந்து அவற்றைக் கெடுக்கும். குப்பை புகுமாயின் தெருவே குளமாகும்.

ஆயினும் வடிகால் ஒன்றே நகரைக் காத்துவிடும் என நாம் கருதவில்லை. அடையாறு நகரில் பிறப்பதன்று. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும் செம்பரம்பாக்கத்தின் மிகைநீரும் கூடியே அது பெருகுகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் நீரும் இடைநிலங்களில் பெய்த மழையும் அதனுடன் சேரவே, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கின.

நகர மக்களின் நலம் ஓரளவு மேட்டுக் கிராமங்களின் கையில் இருப்பது இதனால் விளங்கும். தூர்ந்த ஏரி வெள்ளத்தைத் தாங்காது. கூடுதல் நீருக்கு ஆசைப்பட்டுக் கலங்கலின்மேல் மணல்மூட்டை அடுக்குவோர் இன்றும் உளர். அது கரைக்கே கேடு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. அவற்றின் வரத்துக்கால், கலங்கல், கலங்கலுக்குக் கீழுள்ள போக்குக்கால் ஆகிய மூன்றையும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஐப்பசிக்கு முன்பே நேரில் நடந்து பார்த்து, அடைப்போ ஆக்கிரமிப்போ இருப்பின் ஒன்றிய அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும்.