ஓசூர் நித்யஸ்ரீ: பதக்கம் வரும்வரை யார் பொறுப்பு?

2024 செப்டம்பர் 2. பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பெண்கள் ஒற்றையர் பாட்மின்டன், எஸ்எச்6 பிரிவின் வெண்கலப் பதக்க ஆட்டம். இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21-14, 21-6 என வீழ்த்த நித்யஸ்ரீ சிவனுக்கு 23 நிமிடங்கள் போதுமாக இருந்தன. வயது 19. சொந்த ஊர் ஓசூர். டைட்டன் கடிகாரம், அசோக் லேலண்ட் லாரி, டிவிஎஸ் பைக் என்று தொழிற்சாலைகளின் பெயரால் வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த ஊருக்கு, அன்று விளையாட்டிலும் ஒரு பெயர் கிடைத்தது.

எஸ்எச்6 என்றால் என்ன? பாரா பாட்மின்டனில் குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு, கால் குறைபாடு உள்ளோருக்கு இரண்டு, கை குறைபாடு உள்ளோருக்கு ஒன்று. வளர்ச்சிக் குறைவால் உயரம் குறைந்தவர்கள் ஆடுவது எஸ்எச்6. சக்கர நாற்காலிப் பிரிவுகளின் ஒற்றையர் ஆட்டத்தில் அரை அகல ஆடுகளம் போதும். எஸ்எச்6 ஆட்டக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. பி.வி. சிந்து ஆடும் அதே 13.4 மீட்டர் நீளம், அதே 5.18 மீட்டர் அகலம். வலையும் நடுவில் அதே 1.524 மீட்டர், அதாவது ஐந்தடி. வலை தலைக்கு மேலே நிற்கும்போது ஸ்மாஷ் அடிப்பது எளிதல்ல. எதிராளியின் பந்து பின்கோட்டுக்குப் போனால் மற்றவர்கள் இரண்டு எட்டில் எட்டுவதை இவர்கள் நான்கைந்து எட்டில் ஓடிப் பிடிக்க வேண்டும். உயரம் கைகொடுக்காத இடத்தில் கால் வேகமும், ‘டிராப்’ போடும் மணிக்கட்டும்தான் துணை. இந்த ஆட்டத்தை அனுதாபத்தோடு பார்ப்பவர்கள் ஒரு ‘ராலி’யை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நித்யஸ்ரீக்கு முதலில் பிடித்தது கிரிக்கெட். 2016 ரியோ ஒலிம்பிக்கை டிவியில் பார்த்த பிறகுதான் பாட்மின்டன் மீது ஆசை வந்தது. சீனாவின் லின் டான் அவருக்கு ஆதர்சம். ஓசூரில் பொழுதுபோக்காகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் பாரா போட்டிகளுக்கும், பிறகு லக்னோவில் பயிற்சியாளர் கவுரவ் கன்னாவின் பயிற்சிக்கும் அழைத்துச் சென்றது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் வெண்கலம் வென்றார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பாராலிம்பிக்ஸில் பாட்மின்டன் முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில், 2021-ல். அங்கே ஆண்களுக்கு எஸ்எச்6 ஒற்றையர் இருந்தது. ராஜஸ்தானின் கிருஷ்ணா நாகர் அதில் தங்கமே வென்றார். பெண்களுக்கு அந்தப் பிரிவே இல்லை. பாரிஸில்தான் சேர்த்தார்கள். எத்தனை திறமை இருந்தாலும், 2024-க்கு முன் எஸ்எச்6 ஒற்றையரில் ஒரு பெண்ணால் பாராலிம்பிக் பதக்கத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. நித்யஸ்ரீ அந்த முதல் வாய்ப்பிலேயே அரையிறுதிவரை போய், சீனாவின் லின் ஷுவாங்பாவோவிடம் தோற்று, பிறகு வெண்கலத்தைப் பிடித்தார்.

சரி, இதை ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டால் பிழைப்பு நடக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் என்எஃப்எல் நல்ல உதாரணம். முட்டை வடிவப் பந்தோடு, தலைக்கவசம் அணிந்து மோதும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் அது; 32 அணிகள். நன்றாக ஆடும் பள்ளி மாணவனுக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கும். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஏப்ரலில் நடக்கும் ஏழு சுற்றுத் தேர்வில் அணிகள் முறைவைத்து ஆட்களை எடுக்கும். தேர்வானால் நான்கு ஆண்டு ஒப்பந்தம். 2024-ல் புதுமுக ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,95,000 டாலர், கிட்டத்தட்ட ஆறரைக் கோடி ரூபாய். அங்கும் எல்லாம் சுகமில்லை. சராசரி ஆட்டக்காரரின் ஆட்ட வாழ்க்கை மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்று அவர்களின் சங்கமே சொல்கிறது. முழங்காலும் மூளையும் அடிபட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனாலும் அங்கே பணம் ஆடுவதற்காகத் தரப்படுகிறது.

இங்கே பெரும்பணம் வெல்வதற்காகத்தான். பாரிஸ் வெண்கலத்துக்கு ஒன்றிய அரசு 30 லட்சம் ரூபாய், தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் அளித்தன. 2024-க்கான அர்ஜுனா விருதும் நித்யஸ்ரீக்குக் கிடைத்தது. நிறைவான தொகைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இவை எல்லாம் மேடை ஏறிய பிறகு வருபவை. பந்தும் ராக்கெட்டும் வாங்கி, கோர்ட் வாடகை கட்டி, ரயிலேறிப் போட்டிகளுக்குப் போகும் தொடக்க ஆண்டுகளின் செலவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில். ஒன்றிய அரசின் டாப்ஸ் (ஒலிம்பிக் பதக்க இலக்கு) திட்டமும், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. ஆனால், ஓரளவு பெயர் எடுத்தவர்களைத்தான் அவை எளிதில் கண்டுகொள்கின்றன. அதற்கு முந்தைய படியில் நிற்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

சிப்காட் தொழில் வளாகங்களும், பெங்களூருவின் அருகாமையும் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்கு வழி இல்லாமலில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கு, பள்ளி நேரத்துக்குப் பிறகு திறந்திருக்கும் ஓர் உள்ளரங்கு, ஒரு பயிற்சியாளரின் சம்பளம் என்று மாறினால் போதும். பரிசளிப்பு விழாவுக்கு ஆகும் செலவைவிட அது பெரிதாக இருக்காது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்பில் உயரம் குறைந்த மாணவியோ, கை, கால் குறைபாடுள்ள மாணவனோ இருந்தால், விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்காரவைக்காதீர்கள். எந்தப் பிரிவில் ஆடலாம் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்ஸிலும் பாட்மின்டன் இருக்கிறது.