பாடசாலையில் இடம் இருக்கிறது, போய்ச் சேர வழிதான் இல்லை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. மகளுக்கு 15 வயது. பெருமூளை வாதத்தால் கால்களுக்குப் பலமில்லை, சக்கர நாற்காலிதான் துணை. அவள் படிக்கும் பாடசாலை நகரின் வடக்கே, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கிறது. ஒருவழித் தூரம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஆறு வயதில் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது அவள் 43 கிலோ. எனக்கு 47 வயது. பஸ்ஸின் படிகள் அதே உயரத்தில்தான் இருக்கின்றன.

“பக்கத்தில் ஒரு பாடசாலை கிடைக்கவில்லையா?” என்று கேட்பார்கள். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காகச் சில சாதாரண பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. அவற்றைவிட அரசின் உதவிபெறும் விசேட பாடசாலைகளும் உண்டு. ஆனால் எல்லாப் பாடசாலைகளிலும் அந்த அலகு இல்லை. தமிழ்மொழிமூலம் வேண்டுமென்றால் தெரிவு இன்னும் சுருங்கிவிடும். அலகு இருந்தாலும் வகுப்பு மேல்மாடியில் இருக்கலாம், சில்லு நுழையாத மலசலகூடமாக இருக்கலாம். இத்தனையையும் பார்த்து ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது அது நகரின் மறுமுனையில் இருக்கிறது.

பஸ் சரிவராது என்றால் ஓட்டோதான். எங்களுக்குப் பழக்கமான ஓட்டோக்காரர் ஒருவழிக்கு 900 ரூபா எடுக்கிறார். நாற்காலியை மடித்து வைத்து, பிள்ளையைத் தூக்கி இருத்தவும் உதவுவார். அது நியாயமான கட்டணம்தான். போகவர நாளுக்கு 1,800 ரூபா, மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்றால் 36,000 ரூபா. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முழுவதையும் பயணத்துக்கே கொடுத்தாலும், எங்கள் பாதையில் ஆறு நாளைக்குக்கூட அது போதாது.

2022 எரிபொருள் நெருக்கடியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கியூ.ஆர். முறை தொடங்கியபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலும் 125 கிலோமீற்றர்தான். காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, மதியம் மறுபடி போய் ஏற்றிவர ஓட்டோ நாளுக்கு 36 கிலோமீற்றர் ஓட வேண்டும், ஐந்து நாளைக்கு 180. “அக்கா, நான் வேற ஹயருக்கும் ஓடோணுமே” என்றார் அவர். பாடசாலைகள் திறந்த பிறகும் மகள் பல நாட்கள் வீட்டிலேயே இருந்தாள்.

நடக்க முடிந்தாலும் சிக்கல்தான்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிநேகிதியின் மகனுக்கு 14 வயது. ஓட்டிசம். அவனால் ஓடவும் முடியும், பஸ்ஸில் ஏறவும் முடியும். ஆனால் நெரிசலும் ஹோர்ன் சத்தமும் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். ஐந்து வயதில் கத்தியபோது சனம் இரக்கப்பட்டது. இப்போது அவன் தாயைவிட உயரம், மீசையும் அரும்பிவிட்டது. அதனால் பயப்படுகிறார்கள், ஏசுகிறார்கள். இரண்டு பாடசாலை வான்காரர்கள் “மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் விரும்பமாட்டார்கள்” என்று மறுத்துவிட்டார்கள். அவள் மகனோடு போய், பாடசாலை விடும்வரை வாசலிலேயே இருந்து, அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். செய்துகொண்டிருந்த வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. பயணச் செலவைக் கணக்கிடும்போது இழந்த சம்பளத்தை யாரும் சேர்ப்பதில்லை.

பதின்ம வயதில் பிரச்சினை கூடுவதற்குக் காரணம் இதுதான். பிள்ளையின் உடல் வளர்கிறது, பெற்றோரின் பலம் குறைகிறது. பெண்பிள்ளை என்றால் தூக்கி இறக்குவது யார் என்ற கேள்வியும் வருகிறது. பரீட்சைகள் வரும் வயதும் இதுவே.

சட்டம் எங்கே நிற்கிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதைத் தடுக்கவும் கூடாது. 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள், இருக்கும் பொதுக் கட்டடங்களைத் திருத்துவதற்கு மூன்று வருட அவகாசம் கொடுத்தன. உயர் நீதிமன்றம் 2011இலும் 2019இலும் இதுபற்றிக் கட்டளைகள் பிறப்பித்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 14இலிருந்து 16ஆக உயர்ந்தது.

ஆக, பாடசாலை பிள்ளையைச் சேர்க்க வேண்டும், கட்டடத்தில் சாய்தளம் இருக்க வேண்டும், பிள்ளை 16 வயதுவரை படிக்க வேண்டும். வீட்டு வாசலுக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையிலுள்ள 9 கிலோமீற்றர் யாருடைய பொறுப்பு என்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை.

மாணவர் பயணத்துக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இ.போ.ச. பருவச்சீட்டு இருக்கிறது, 2005இல் தொடங்கிய ‘சிசு செரிய’ பஸ் சேவை இருக்கிறது. மாணவர் பயணத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கலாம் என்ற கொள்கை நாட்டில் ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்தச் சலுகைகள் பஸ்ஸில் ஏறக்கூடிய பிள்ளையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஏற முடியாத பிள்ளைக்குப் பருவச்சீட்டு எவ்வளவு மலிவாக இருந்தென்ன?

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் விசேட தேவையாலோ இயலாமையாலோ நடந்துபோக முடியாத 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு, தூரம் குறைவாக இருந்தாலும், உள்ளூராட்சி சபை இலவசப் பயண ஒழுங்கு செய்ய வேண்டும். ஆனால் 16 வயதுக்குப் பிறகு அந்தக் கடமை தளர்கிறது, சபைகள் கட்டணமும் கேட்கலாம். அங்கும் பதின்ம வயதில்தான் பெற்றோர் போராட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்திலேயே போக்குவரத்தையும் ஒரு சேவையாக எழுதலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கும் போக்குவரத்து வசதி செய்யச் சொல்கிறது. துணைக்குப் போகும் ஆளையும் சட்டம் எண்ணிப் பார்த்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே என்ன செய்யலாம்? எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. என் மகளுக்குத் தேவை சாய்தளம் உள்ள வான், அல்லது ஓட்டோச் செலவில் ஒரு பங்கு. சிநேகிதியின் மகனுக்குத் தேவை பழகிய ஒரு துணையாள். இன்னும் சில பிள்ளைகளுக்குப் பாதையைப் பழக்கினாலே போதும். ஒரே பஸ், ஒரே நேரம், எங்கே இறங்குவது, வழி தவறினால் யாரிடம் கேட்பது என்று சில மாதம் கூடவே போய்ப் பழக்கினால் தனியே போய்வருவார்கள். மூன்றில் செலவு குறைந்தது இதுதான்.

பெற்றோர் செய்யக்கூடியவை

முதலில், பிள்ளை எந்தெந்த நாள் பாடசாலைக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வரவுப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று மட்டும்தான் இருக்கும். ‘ஓட்டோ கிடைக்கவில்லை’ என்று அதில் யாரும் எழுதமாட்டார்கள்.

இரண்டாவது, அதிபர் மூலம் வலயக் கல்விப் பணிமனைக்கும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழும் வருகின்றன.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழ்மொழிமூல விசேட கல்வி அலகுகள் எங்கே இருக்கின்றன, பயணத்துக்கு ஏதாவது நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாரபட்சம் நடந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

நானும் சிநேகிதியும் கோரிக்கைக் கடிதத்தைச் சேர்ந்தே எழுதியிருக்கிறோம். ஒரு பெற்றோர் கேட்டால் அதைத் தனிப்பட்ட கஷ்டமாகப் பார்ப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு வானுக்கு ஆள் இருக்கிறது என்றாவது விளங்கும். மகளுக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கடிதத்தை வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு வரியைத் தானே சேர்த்தாள்: “வகுப்புக்கு நேரத்துக்குப் போக வேண்டும், முதலாம் பாடம் கணிதம்.”