ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் சுமார் இருபது கிலோமீட்டர். 28 அங்குலச் சக்கரம் பூட்டிய சாதாரண சைக்கிளில் போனால், ஊர் போய்ச் சேர்வதற்குள் முன்சக்கரம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் முறை சுற்றியிருக்கும். ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் வயர்லெஸ் சைக்கிள் கம்ப்யூட்டர் எண்ணுவது இந்தச் சுற்றுகளை மட்டும்தான். வேகம், தூரம், சராசரி வேகம் என்று திரையில் வருவன எல்லாம் அந்த எண்ணிக்கையை ஒரே ஓர் எண்ணால் பெருக்கியும், நேரத்தால் வகுத்தும் கிடைப்பவை. சக்கரம் ஒரு சுற்றில் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதே அந்த எண். அதைக் கருவிக்குள் பதிவது ஓட்டுபவரின் வேலை. அது தப்பானால், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கருவியானாலும் தப்பாகத்தான் காட்டும்.

இப்படிப்பட்ட கருவி பந்தயக்காரர்களுக்கும் நகரத்து வார இறுதி ஓட்டிகளுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்த எண்ணம் பொருந்தாது. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது, சைக்கிள் ஓட்டக் கற்பதும் அதன் பகுதியானது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை அது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். சைக்கிள் கண்காட்சிகளிலும் போட்டிகளிலும் எழுபதாயிரத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் பங்கேற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதினார். அந்தக் கட்டுரை இந்தி வடிவில் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. லேடீஸ் சைக்கிள் போதாத நிலையில் பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள்; பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

சைக்கிளுக்கும் இந்த வட்டாரத்துக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் சொந்த ஊர் பள்ளத்தூர். அது அரிமளத்துக்குத் தெற்கே, காரைக்குடிப் பக்கம் இருக்கும் செட்டிநாட்டு ஊர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய சைக்கிள்கள் அந்த ஆலையின் தயாரிப்புகள்.

சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் அறிவது புதிதல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஒரு மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும்படி பற்சக்கரங்கள் அமைத்த வண்டியை விவரித்திருக்கிறார். சைக்கிளுக்கென்று 1895இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கர்டிஸ் வீடர் செய்த மீட்டர் பெரும் வரவேற்பைப் பெற்றது. போக்ஸ் கம்பியில் மாட்டிய சிறு முனை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நட்சத்திரப் பல்லைத் தட்டிவிடும், எண்கள் நகரும். தட்டும் சத்தமும் தேய்மானமும் கூடவே இருந்தன. அவற்றைப் போக்க, 1936இல் பெல் ஆய்வகத்தின் வால்டர் எல்வுட் கண்டுபிடித்த ரீட் ஸ்விட்ச் உதவியது. கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள்தான் அது. காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். உரசல் இல்லை, உள்ளே தூசி புக வழியில்லை. 1980களில் ஜப்பானின் கேட்ஐ போன்ற நிறுவனங்கள் எண் திரை கொண்ட சைக்கிள் மீட்டர்களைப் பரப்பியபோது காந்தமும் ரீட் ஸ்விட்சும்தான் அடிப்படை. இன்று கடையில் கிடைக்கும் எளிய கருவிகளிலும் அவையே இருக்கின்றன.

வேகம் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர் சொச்சம். ஒரு சுற்றுக்கு 2.22 மீட்டர் நகரும் சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்கு இரண்டரை முறை சுற்றும். காந்தம் ஃபோர்க்கைக் கடக்கும் இரண்டு தடவைக்கு நடுவே 0.4 நொடி. அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. உருட்டிக்கொண்டு நடக்கும்போது இடைவெளி நீண்டுபோவதால், ஒரு கட்டத்துக்குக் கீழே திரையில் பூஜ்யம் வந்துவிடும். அது பழுதல்ல.

ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு இந்தச் செய்தி எப்படிப் போகிறது என்பதில்தான் வயர்லெஸ் கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. விலை குறைந்த பழைய வகை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு ரேடியோத் துடிப்பை மட்டும் அனுப்பும். அதில் பெயரோ முகவரியோ கிடையாது. எட்டும் தூரம் பெரும்பாலும் 60, 70 சென்டிமீட்டர்தான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் ஒருவருடைய துடிப்பு அடுத்தவரின் திரையில் ஏறிவிடலாம். மலிவான எல்.இ.டி. விளக்கு, உயர் அழுத்த மின்கம்பி ஆகியவையும் குழப்பும். நின்றுகொண்டிருக்கும் சைக்கிள் மணிக்கு எண்பது கிலோமீட்டர் போவதாகக் காட்டுவது இதனால்தான். இந்த வகையில் ஒரு துடிப்பு தவறினால் அது தவறியதுதான். அந்த இரண்டு மீட்டர் கணக்கிலேயே வராது.

டிஜிட்டல் வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. முதல் முறை திரையோடு ஜோடி சேர்த்துவிட்டால் வேறு சென்சாரை அது ஏற்காது. இதில் இரண்டு மொழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆன்ட் பிளஸ் என்பது கனடாவின் டைனாஸ்ட்ரீம் நிறுவனத்தில் பிறந்தது. 2006இல் அந்த நிறுவனத்தை கார்மின் வாங்கியது. மற்றொன்று 2010இல் நான்காம் பதிப்போடு வந்த குறைமின் புளூடூத். புளூடூத் சென்சார் அனுப்பும் தகவல் அழகானது. இதுவரை மொத்தம் எத்தனை சுற்று, கடைசிச் சுற்று எப்போது முடிந்தது என்ற இரண்டை மட்டும் அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். நேரத்தை ஒரு நொடியின் 1024இல் ஒரு பங்கு நுட்பத்தில் குறிக்கும். நடுவில் இரண்டு செய்திகள் காற்றில் தொலைந்தாலும் அடுத்த செய்தியில் மொத்தக் கணக்கு வந்துவிடும். துடிப்பு வகையைவிட இது நம்பகமானது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காந்தமே வேண்டாத சென்சாரும் இருக்கிறது. ரப்பர் பட்டையால் ஹப்பில் கட்டிவிட்டால் போதும். சக்கரத்தோடு சேர்ந்து தானும் சுற்றி, முடுக்கமானி வழியாகவோ பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டோ சுற்றை எண்ணும். சீமைக்கருவேல முள் பஞ்சரே பிழைப்பாகிவிட்ட சாலைகளில் இதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது காந்தம் விலகிப்போகுமோ என்ற கவலை இல்லை.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். ஜி.பி.எஸ். கருவி சக்கரத்தைப் பார்ப்பதில்லை. பொதுவாக நொடிக்கொரு முறை தான் இருக்கும் புள்ளியைக் குறித்துப் புள்ளிகளை இணைக்கிறது. திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிழைதான் வரும். வானம் விரிந்து கிடக்கும் புதுக்கோட்டைச் சமவெளியில் அது நன்றாகவே வேலை செய்யும். தைலமரக் காட்டுக்குள் வளைந்து போகும் வண்டிப்பாதையில் வளைவின் ஓரத்தை வெட்டிவிட்டுத் தூரத்தைக் குறைத்துச் சொல்லும். டீக்கடையில் நிற்கும்போது புள்ளி அங்கும் இங்கும் அலையும். பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். காந்த மீட்டரோ நாணய வடிவ சி.ஆர். 2032 பேட்டரி ஒன்றில் மாதக்கணக்கில் ஓடும். ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் நடத்தும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்ட ஜி.பி.எஸ். தேவைப்படும். தினமும் அதே சாலையில் பள்ளிக்கும் வயலுக்கும் போய்வருபவருக்குத் தேவையில்லை. அரிமளம் போன்ற ஊருக்கு டிஜிட்டல் சென்சார், பெரிய எண் தெரியும் எளிய திரை, மழை தாங்கும் உறை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்று குறித்திருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். ஸ்மார்ட்போன் ஏற்கெனவே கையில் இருந்தால் சென்சாரை மட்டும் வாங்கி, திரைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தலாம்.

இனி அந்த எண். பல கருவிகள் 2096 அல்லது 2105 என்ற அளவோடு பெட்டியிலிருந்து வரும். அவை 700 சி எனப்படும் மெல்லிய பந்தயச் சக்கரத்துக்கானவை. கையேட்டு அட்டவணையில் '28 அங்குலம்' என்ற வரி இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. ஐரோப்பாவில் 28 அங்குலம் என்று சொல்லப்படும் ரிம்மின் விட்டம் பெரும்பாலும் 622 மில்லிமீட்டர். நம் ஊர் 28 × 1½ டயர் உட்காரும் ரிம் 635 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, சக்கரம் வேறு. 26 அங்குலத்திலும் இதே குழப்பம்: தடித்த டயர் போட்ட மலை சைக்கிளுக்கு 559, 1⅜ டயர் போட்ட லேடீஸ் சைக்கிளுக்கு 590. டயரின் பக்கவாட்டில் 40-635, 37-590 என்று புடைப்பாக அச்சிட்டிருப்பதுதான் உண்மையான அடையாளம். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம். தமிழ்நாட்டில் அதிகமாக ஓடும் சைக்கிள்களை மனத்தில் வைத்து இந்த அட்டவணைகள் எழுதப்படவில்லை. அதனால் சொந்தச் சக்கரத்தை அளந்துவிடுவதே வழி.

அளப்பதற்கு ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். இரண்டு டயரிலும் வழக்கமான அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். முன்சக்கரத்தின் வால்வு தரையை நோக்கி நேர்கீழே இருக்கும்படி நிறுத்தி, அந்த இடத்தில் கோடு கிழிக்க வேண்டும். ஓட்டுபவர் சீட்டில் ஏறி உட்கார, இன்னொருவர் பிடித்து நேராகத் தள்ள, வால்வு மூன்றாவது முறை கீழே வரும் இடத்தில் அடுத்த கோடு. ஆள் உட்காராமல் தள்ளினால் கணக்குச் சற்று மாறும். எடையில் டயர் கொஞ்சம் அமுங்கி, ஒரு சுற்றில் நகரும் தூரம் சில மில்லிமீட்டர் குறைகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே 6 மீட்டர் 66 சென்டிமீட்டர் வந்தால், மூன்றால் வகுத்து 2220 என்று பதிய வேண்டும். பையை விட்டத்தால் பெருக்கிச் சுற்றளவு கண்டுபிடிக்கும் பள்ளிப் பாடம் இங்கே ஏன் சற்றே விலகுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல செய்முறை இல்லை. பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் பெறும் மாணவர்கள் இதை இயற்பியல் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். காந்தவியல், ரேடியோ அலை, வட்டத்தின் சுற்றளவு எல்லாம் ஒரே சைக்கிளில் இருக்கின்றன.

பொருத்துவது சுலபம். காந்தத்தைப் போக்ஸ் கம்பியிலும் சென்சாரை ஃபோர்க்கிலும் மாட்டி, இரண்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். சென்சாரில் போட்டிருக்கும் கோட்டுக்கு நேரே காந்தம் கடந்து போக வேண்டும்; சற்று மேலோ கீழோ போனால் எண்ணிக்கை விட்டுவிட்டு வரும். துடிப்பு வகையாக இருந்தால் சென்சாரை ஹேண்டில்பாருக்கு எவ்வளவு பக்கத்தில் ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிக் கட்ட வேண்டும். டிஜிட்டல் வகையை ஜோடி சேர்க்கும்போது அருகில் வேறு சென்சார் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. சித்திரை வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனால் திரை கறுத்துப்போகலாம். நிழலுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சரிபார்க்க நெடுஞ்சாலைத் துறையின் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. திருமயம் வழியாகப் போகும் திருச்சி–ராமேசுவரம் தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலையோடு நிற்கும் கற்கள் பழக்கமானவை. சாலை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதால் ஒரே ஒரு கிலோமீட்டரை நம்பாமல் ஐந்தாறு கற்களைக் கடந்து சராசரி பார்க்க வேண்டும். சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் பிழை இருந்தால் கிலோமீட்டருக்கு நாலரை மீட்டர் தவறும். 200 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். புது டயர் போட்டாலும், வேறு அகல டயருக்கு மாறினாலும் மறுபடி அளக்க வேண்டியதுதான்.

எண்ணைப் பதியாமல் பல மாதம் ஓட்டிவிட்டவர்களும் பழைய கணக்கைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 2220 இருக்க வேண்டிய இடத்தில் 2096 இருந்திருந்தால், புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் வரையிலான 20 கிலோமீட்டரைக் கருவி 18.88 என்றே காட்டியிருக்கும். சுற்றுகளை அது சரியாகவே எண்ணியிருக்கிறது, பெருக்கிய எண் மட்டும்தான் தவறு. திரையில் உள்ள மொத்தத் தூரத்தை 2220ஆல் பெருக்கி 2096ஆல் வகுத்தால், ஓட்டிய அத்தனை கிலோமீட்டரும் சரியாகக் கைக்கு வந்துவிடும்.